ஜூலை 29-க்குள் விங்ஸ் சரியாக வந்தாக வேண்டும்

பொரித்த கோழி இறக்கையைக் கார சாஸில் புரட்டிய உணவு இது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோ நகரில் இதை யாரும் 'பஃபலோ விங்ஸ்' என்று சொல்வதில்லை. வெறும் 'விங்ஸ்'தான். திருநெல்வேலிக் கடையில் நின்றுகொண்டு 'திருநெல்வேலி அல்வா கொடுங்கள்' என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார் அல்லவா, அதே கணக்கு. நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கடையில் வாங்கிச் சாப்பிட்டது எத்தனையோ தடவை. வீட்டில் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்ற ஆசை இந்த ஜூலையில்தான் நிறைவேறியது. மூன்று வாரம் பிடித்தது. அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

ஏன் ஜூலை என்றால், 29-ஆம் தேதிக்காக. 1977-இல் அப்போதைய மேயர் ஸ்டான்லி மகோவ்ஸ்கி அந்த நாளைச் 'சிக்கன் விங் தினம்' என்று அறிவித்தார். ஊர் கொண்டாட ஆரம்பித்த தேதி பிறகு அமெரிக்கா முழுவதற்கும் போய்விட்டது. அரசு விடுமுறை எல்லாம் கிடையாது, அலுவலகம் வழக்கம்போல் திறந்திருக்கும். ஆனால் மாலையில் எங்கள் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் கூடுவோம். ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவர வேண்டும். இந்த வருடம் விங்ஸ் என் பொறுப்பு என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் ஒரு மதுக்கடைச் சமையலறையில் இருபது வருடம் விங்ஸ் பொரித்தவர். அவரிடம் போய்க் கேட்டேன். "மாவு வேண்டாம். மசாலா வேண்டாம். இறக்கை, எண்ணெய், ஹாட் சாஸ், வெண்ணெய். முதலில் இதைச் சரியாகச் செய். அப்புறம் உன் விருப்பம்" என்றார். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இறக்கையில என்னடா கறி இருக்கு? அதுக்கு ஒரு பண்டிகையா?" என்று கேட்டார். நம் வீட்டில் கோழிக்குழம்பில் இறக்கைத் துண்டு கடைசியாகத் தட்டுக்கு வருவது. அம்மா கேட்டதில் தவறில்லை. இங்கேயும் ஒரு காலத்தில் அது சூப்புச் சட்டிக்குப் போன துண்டுதான்.

முதல் முயற்சி ஜூலை 6. இரண்டு கிலோ முழு இறக்கை வாங்கினேன். வெட்டித் துண்டாக்கியதும் கிடைக்கும், ஆனால் முழுசாக வாங்கினால் நுனி நமக்கு. இறக்கையில் மூன்று பகுதி உண்டு. தோளை ஒட்டிய சதைப்பற்றான பகுதி சின்னத் தொடை மாதிரி இருக்கும், அதை இங்கே டிரம் என்கிறார்கள். நடுவில் இரண்டு மெல்லிய எலும்பு இணையாக ஓடும் பகுதி ஃப்ளாட். கடைசியில் நுனி. கத்தியை எலும்பின் மேல் வைத்து அழுத்தினால் எலும்பு சிதறும், வாயில் குத்தும். மூட்டைப் பின்பக்கமாக மடக்கி, ஆள்காட்டி விரலால் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். கத்தி அதில் இறங்கினால் வெண்ணெயில் போவது போலப் போகும். பத்து இறக்கை வெட்டுவதற்குள் கை பழகிவிடும்.

கழுவி, உப்புப் போட்டு, எண்ணெய் 190 டிகிரி செல்சியஸ் காட்டியதும் ஒரு கிலோவையும் ஒரே ஈடாகப் போட்டேன். பதினைந்து நிமிடம் ஆகியும் நிறம் வரவில்லை. எடுத்துப் பார்த்தால் தோல் ரப்பர் மாதிரி இழுக்கிறது, சாஸ் ஊற்றியதும் வழுக்கிக்கொண்டு கழன்று வருகிறது. உள்ளே கறி வெந்திருந்தது. ஆனால் விங்ஸ் என்பதே தோலுக்காகத்தான். மாவு பூசாத பொரியலில் மொறுமொறுப்பு முழுக்கத் தோலிலிருந்துதான் வர வேண்டும், வேறு வழியே இல்லை.

எது தப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் சந்தேகம் தெர்மாமீட்டர் மேல். வட்டமான முகமும் நீளமான கம்பியும் உள்ள சாதாரண முள் தெர்மாமீட்டர். ஒரு டம்ளர் நிறையப் பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கம்பியை நடுவில் பிடித்துக் கலக்கினேன். முள் 0-வில் நிற்க வேண்டும். 8-இல் நின்றது. இரண்டு நிமிடம் பிடித்தும் நகரவில்லை. கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 107, 108. அப்படியென்றால் நான் 190 என்று நம்பிய எண்ணெய் உண்மையில் 182 இருந்திருக்கிறது.

இதைச் சரிசெய்வது சுலபம், பலருக்குத் தெரியாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். வட்டமுகத்தைத் திருப்பிப் பார்த்தால், கம்பி சேரும் இடத்தில் ஒரு சின்ன அறுகோண நட்டு இருக்கும். கம்பி பனித்தண்ணீரில் இருக்கும்போதே அந்த நட்டை ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, முகத்தை மெல்லத் திருப்ப வேண்டும். முள் 0-வுக்கு வந்ததும் விட்டுவிட்டு, இன்னொரு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். எனக்கு முதல் தடவை 2-க்கு மீறிப் போனது, இரண்டாம் தடவை சரியாக நின்றது. பிறகு கொதிதண்ணீரில் 100-ஐ ஒட்டி நின்றது. இப்போது ஒவ்வொரு முறை பொரிப்பதற்கு முன்பும் பனித்தண்ணீரில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுகிறேன். கீழே விழுந்தாலே முள் மாறிவிடும்.

அடுத்தது கூட்டம். எங்கள் வீட்டு அடுப்பு மின்சாரச் சுருள் அடுப்பு. கேஸ் மாதிரி திருப்பியதும் எகிறாது. ஜூலை 12 அன்று இரண்டு லிட்டர் கடலை எண்ணெயைக் கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் 190-க்குக் கொண்டுவந்து, இருபது துண்டு போட்டுப் பார்த்தேன். முள் 152-க்கு விழுந்தது, ஏறி 175-ஐத் தொட ஒன்பது நிமிடம் ஆனது. எண்ணெயைத் திரும்பச் சூடாக்கி எட்டுத் துண்டு மட்டும் போட்டேன். 174-க்கு இறங்கி, நான்கு நிமிடத்தில் 185-க்கு மேல் வந்துவிட்டது. முதல் ஈடு வெளிறிக் கிடந்தது. இரண்டாவது ஈடு பதினொரு நிமிடத்தில் தேன் நிறத்துக்கு வந்தது. ஒரே கோழி, ஒரே உப்பு, ஒரே எண்ணெய். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஈரம் உள்ள துண்டு எண்ணெயில் விழுந்ததும், எண்ணெயின் சூடு முழுக்க அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. தண்ணீர் இருக்கும்வரை தோல் 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை மொறுமொறுப்பு கிடையாது.

அப்படியானால் ஈரத்தை முன்னாலேயே குறைத்தால்? கோழியைக் கழுவும் பழக்கத்தை இதற்கு மட்டும் விட்டேன். எப்படியும் சூட்டில்தான் கிருமி சாகிறது, குழாய்த் தண்ணீரில் இல்லை. காகிதத் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி, கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி கல் உப்பைத் தூவி, கம்பி வலைத் தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, மூடாமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் பார்த்தால் தோல் இறுகி, லேசாகக் கண்ணாடி மாதிரி உள்ளிருக்கும் கறி தெரியும்படி இருந்தது. விரலை வைத்தால் ஒட்டவில்லை. அன்றைக்குப் பொரித்ததில் சலசலப்புச் சத்தமே வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் போட்டவுடன் எண்ணெய் கோபமாகப் பொங்கும், இது ஒரே சீராகச் சலசலத்தது. எண்ணெய் தெறிப்பதும் பாதியாகிவிட்டது.

கறி வெந்ததா என்று பார்க்க 74 டிகிரி போதும் என்பது பொது விதி. விங்ஸுக்கு அதோடு நிறுத்தக் கூடாது. இறக்கையில் தசைநாரும் இணைப்புத் திசுவும் அதிகம். 85, 90 வரை போனால்தான் அது கரைந்து எலும்பைவிட்டுக் கறி கழலும். மார்புக்கறி என்றால் அந்தச் சூட்டில் மரக்கட்டையாகிவிடும். இறக்கை தாங்கும்.

சாஸ் என் கணிப்பில் சின்ன வேலை. அதுதான் அதிக நாள் எடுத்தது.

கேயன் மிளகாயை ஊறவைத்துப் பதப்படுத்தி, வினிகர், உப்பு, பூண்டுத்தூள் சேர்த்த சாஸ்தான் அடிப்படை. இந்த ஊரில் அதற்கு ஃப்ராங்க்ஸ் ரெட்ஹாட் புட்டியைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். காரம் நம் நாக்குக்கு ஒன்றுமே இல்லை. புளிப்புத்தான் முன்னால் நிற்கும், காரம் பின்னாலிருந்து மெல்ல வரும். அதில் வெண்ணெயைச் சேர்த்ததும் புளிப்பு மழுங்கி, சாஸ் கனத்து, தோலில் ஒட்டும். வீட்டில் வெண்ணெய் இல்லாத அன்று, நெய்தான் இருக்கிறதே, வெண்ணெயைவிட மேலானதுதானே என்று நெய்யை ஊற்றினேன். வாசனை பிரமாதம். ஆனால் இரண்டு நிமிடத்தில் சாஸ் பிரிந்துவிட்டது. மேலே மஞ்சள் எண்ணெய், கீழே சிவப்புத் தண்ணீர். விங்ஸைப் புரட்டினால் நெய் மட்டும் ஒட்டுகிறது, சாஸ் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடுகிறது.

காரணத்தைத் தேடினால் அது வெண்ணெயிலேயே இருக்கிறது. இங்கத்திய வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதம். அந்தப் புரதம்தான் கொழுப்பையும் வினிகர்த் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் ஆள். நெய் காய்ச்சும்போது அதைக் கசடாக்கி வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறோம். பிடிப்பதற்கு ஆளில்லாமல் நெய் தனியே மிதக்கிறது. சரி, வெண்ணெய் வாங்கிவந்து செய்தேன், அதுவும் பிரிந்தது. இந்தத் தடவை கொதிக்க விட்டதுதான் தப்பு. மூன்றாவது தடவை அரை கப் சாஸைச் சிறிய பாத்திரத்தில் ஆவி வரும்வரை மட்டும் சூடாக்கி, அடுப்பை அணைத்து, 113 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, ஒன்று கரைந்த பிறகு அடுத்தது என்று கரண்டியால் சுழற்றிக்கொண்டே இருந்தேன். பளபளப்பாக, செம்மண் கலந்த ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக வந்தது. கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். அதுதான் பதம். இந்த அளவு ஒரு கிலோ விங்ஸுக்குச் சரியாக இருக்கும், இந்த ஊர்க் கணக்கில் 'மீடியம்'. 'ஹாட்' வேண்டும் என்றால் வெண்ணெயைப் பாதியாக்கினால் போதும்.

இந்த உணவு 1964-இல் மெயின் ஸ்ட்ரீட்டில் உள்ள ஆங்கர் பாரில் பிறந்தது என்பது ஊரறிந்த கதை. உரிமையாளர் ஃப்ராங்க் பெல்லிசிமோவின் மனைவி டெரஸா பொரித்தார். ஏன் பொரித்தார் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு கதை. கோழிக் கழுத்துக்குப் பதிலாகத் தவறுதலாக இறக்கை வந்து இறங்கியது என்பது ஒன்று. மகன் டொமினிக்கின் நண்பர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பசியோடு வந்து உட்கார்ந்தார்கள், கத்தோலிக்கர்களான அவர்கள் இறைச்சி சாப்பிட நள்ளிரவு தாண்ட வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. கூடவே செலரித் தண்டும் கடையின் சாலட்டுக்கு இருந்த புளூ சீஸும் தட்டில் ஏறின. அன்றிலிருந்து அந்த மூன்றும் பிரியவில்லை.

ஆனால் ஜூலை 29 அன்று இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதே அறுபதுகளில் ஜெஃபர்சன் அவென்யூவில் ஜான் யங் என்ற கறுப்பினத்தவர் இறக்கையை வெட்டாமல் முழுசாக, மாவில் புரட்டிப் பொரித்து, தக்காளி சேர்ந்த 'மாம்போ சாஸ்' ஊற்றி விற்றுவந்தார். கடையின் பெயரே 'விங்ஸ் அண்ட் திங்ஸ்'. 1970-இல் அவர் ஊரைவிட்டுப் போனார். பெயரும் புகழும் மெயின் ஸ்ட்ரீட்டோடு தங்கிவிட்டன. இந்த ஊரில் இறக்கையைத் தனி உணவாக்கியவர்களில் அவருக்கும் சமபங்கு உண்டு. அவரை விட்டுவிட்டு இந்த நாளைக் கொண்டாடுவது எனக்குப் பாதிக் கொண்டாட்டமாகத்தான் தோன்றுகிறது. அதனால் 29-ஆம் தேதித் தட்டில் ஒரு பங்கு முழு இறக்கை என்று முடிவு செய்தேன்.

ஜூலை 20 அன்று மனசு கேட்கவில்லை. பாதி ஈட்டுக்கு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள் எல்லாம் போட்டு ஊறவைத்தேன். விழுதின் ஈரம் தோலை மறுபடி நனைத்துவிட்டது. பதினொரு நிமிடம் பொரிவதற்குள் மிளகாய்த்தூள் கருகி, எண்ணெயின் அடியில் கரியாகப் படிந்தது. அடுத்த ஈடு முழுக்கக் கசந்தது. அதன் மேல் வினிகர் சாஸை ஊற்றியதும் இரண்டு காரமும் ஒன்றையொன்று அமுக்கின. இஞ்சி பூண்டு ருசியும் தெரியவில்லை, வெண்ணெய் ருசியும் தெரியவில்லை. நம் பொரித்த கோழிக்கு மசாலா உள்ளே இறங்க வேண்டும். விங்ஸுக்கு எல்லாமே வெளியே, கடைசி நிமிடத்தில். பெரியவர் ஏன் மசாலா வேண்டாம் என்றார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புளூ சீஸ் டப்பாவைத் திறந்ததும் மனைவி, "ஏங்க, இது கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள். அந்த நீலப் பூஞ்சைதான் அதன் ருசி. 100 கிராமை முள்கரண்டியால் உதிர்த்து, ஒரு கப் புளித்த கிரீம், அரை கப் மயோனைஸ், பாதி எலுமிச்சை, ஒரு பல் பூண்டு சேர்த்து ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் வைத்தேன். தனியாகச் சாப்பிட்டால் கடினம்தான். சூடான புளிப்பு விங்ஸை அதில் தோய்த்தால் வாய் அடங்கிவிடுகிறது. இதற்குப் பதில் ரான்ச் என்ற மோர் கலந்த சாஸைத் தொட்டுக்கொள்ளக் கேட்டால் இந்த ஊரில் முகம் மாறும். அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. எட்டு எட்டாகப் பொரித்தால் நூற்றுச் சொச்சம் துண்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதல் ஈடு ஆறிப்போகும். பெரியவரிடம் கேட்டேன். இரண்டு தடவையாகப் பொரி என்றார். 29 காலையில் ஆறு கிலோவையும் ஈடு ஈடாக 150 டிகிரியில் பத்து நிமிடம் வேகவைத்து எடுத்தேன். நிறம் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு ஈடும் ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குப் போனது. சமைத்த கோழியைக் கோடைகாலத்தில் மேஜை மேல் விட்டு வைக்கவே கூடாது. மாலையில் சட்டியைப் பின்புறத்துக்குக் கொண்டுபோய், கேஸ் அடுப்பில் 190-க்கு ஏற்றி, ஈட்டுக்குப் பன்னிரண்டு துண்டு, நான்கே நிமிடம். தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டதால் எண்ணெய் அவ்வளவாக இறங்கவில்லை. தோலில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பி, ஜல்லிக்கரண்டியில் எடுத்துக் குலுக்கினால் கூழாங்கல் மாதிரி சத்தம் வந்தது. பெரிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, சாஸ் ஊற்றி, கிண்ணத்தை முன்னும் பின்னும் தூக்கிப் புரட்டினேன். கரண்டி போட்டுக் கிளறினால் தோல் உடையும்.

முழு இறக்கை பன்னிரண்டை மாவும் மிளகுத்தூளும் கலந்து புரட்டித் தனியாகப் பொரித்தேன். தக்காளி, வினிகர், பழுப்புச் சர்க்கரை, கேயன் தூள் சேர்த்துக் காய்ச்சிய சாஸ் அதற்கு. ஜான் யங் யார் என்று கேட்ட பிள்ளைகளுக்குச் சொன்னேன். பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மையார், சிறுவயதில் அப்பாவோடு அந்தக் கடைக்குப் போனது ஞாபகம் இருக்கிறது என்றார். இரண்டு முழு இறக்கையை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார், வீட்டில் இருக்கும் தம்பிக்கு.

பெரியவர் ஒரு ஃப்ளாட்டை எடுத்து, இரண்டு எலும்பையும் பிடித்துத் திருகி, ஒரே இழுப்பில் உருவினார். கறி முழுசாக எலும்பைவிட்டு வந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுத்தார். ஒன்பது துண்டு எண்ணினேன்.

எண்ணெய் மறுநாள்தான் முழுசாக ஆறியது. துணியில் வடிகட்டி, பழைய டப்பாவில் ஊற்றி மூடி வைத்தேன், அதைக் கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்த நுனிகளைக் குக்கரில் போட்டு, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து ஆறு விசில் விட்டேன். 30-ஆம் தேதி மதியம் அதுதான் சூப். ஆறியதும் கரண்டியில் நடுங்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். விங்ஸ் படத்துக்கு ஒன்றும் சொல்லாதவர், சூப்பைப் பார்த்ததும் போன் செய்து, "கொஞ்சம் கறிவேப்பிலை போட்டியா?" என்று கேட்டார்.